கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை, ஃபைனை உயர்த்தலாமா?

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கும் வாசகி எழுதியிருக்கிறார். சொந்த ஊர் கோவை. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போனவர். தெற்காசிய மாணவியருக்கான சொராரிட்டி ஒன்றில் உறுப்பினர். நவம்பர் தேர்தலில் அந்த சாப்டரின் தலைவராகத் தேர்வாகி, ஜனவரியில் பொறுப்பேற்கப் போகிறார். (அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மாணவர் அமைப்புகள் ஃபிரட்டர்னிட்டி, மாணவியர் அமைப்புகள் சொராரிட்டி. பல்கலைக்கழகம்தோறும் உள்ள கிளை சாப்டர். தெற்காசியருக்கானவை 1990களில் வந்தவை: 1994இல் பிங்ஹாம்டனில் அயோட்டா நூ டெல்டா, 1998இல் ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா என்று தொடங்கிப் பரவின.)

அவர் சாப்டரில் 38 பேர். புதிதாகச் சேர்ந்தவர்கள் 8, இரண்டாமாண்டு 10, மூன்றாமாண்டு 9, இறுதியாண்டு 11. அக்டோபர் முதல் கூட்டத்துக்கு 31 பேர் வந்தார்கள், நவம்பர் கடைசிக் கூட்டத்துக்கு 17 பேர். கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லாததால் பைலா (சாப்டரின் உள்விதிகள்) திருத்தத்தை ஓட்டுக்கே விட முடியவில்லை. ஆறு பேர் வேறு ஊரில் பயிற்சியிலும் வெளிநாட்டுப் படிப்பிலும் இருக்கிறார்கள். அவர் யோசித்திருக்கும் வழிகள் நான்கு: கூட்டத்துக்கு வராதவர்களுக்கான ஃபைனை 10 டாலரிலிருந்து 25 ஆக்குவது, வாரம் ஒரு கட்டாய நிகழ்ச்சியைக் கூட்டுவது, வசந்தகாலத்தில் சேரும் புதியவர்களிடம் விழாவுக்கு மேஜை போடுவது, துடைப்பது, சீனியர்களுக்குக் கார் ஓட்டுவது எல்லாவற்றையும் ஒப்படைத்து "ஈடுபாட்டை வளர்ப்பது", மதிப்பெண் குறைந்தவர்களின் பட்டியலைக் கூட்டத்தில் படிப்பது. முன்னாள் உறுப்பினர்கள் அவருக்குச் செமஸ்டருக்கு 300 டாலர் ஊக்கத்தொகை தரத் தயார். அம்மாவோ, "எல்லாத்தையும் விட்டுட்டுப் படி" என்கிறார். விலகிவிடலாமா என்றும் வாசகி கேட்கிறார். "என்மேல் மரியாதை இல்லாததால்தான் வரவில்லையா?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரி,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் இன்னும் பொறுப்பே ஏற்கவில்லை. அக்டோபரில் நிரம்பிய அறை நவம்பரில் பாதியாவது உங்களால் வந்தது இல்லை, ஏறக்குறைய எல்லா சாப்டர்களிலும் காண்பது. செமஸ்டர் நடுவில் வரும் மிட்டெர்ம் தேர்வுகளும் இறுதித் தேர்வுப் பயமும் வரும் வாரங்களிலேயே சாப்டரும் அதிகம் கேட்கிறது. உங்கள் பழைய அட்டவணையைக் கூட்டிப் பாருங்கள். ஞாயிறு கூட்டம் 2 மணி, புதன் சந்திப்பு 2 மணி, வெள்ளி கூட்டுப் படிப்பு 3 மணி, சனி சேவைப் பணி 4 மணி. வாரம் 11 மணி நேரம். 15 கிரெடிட் (பாடச் சுமையின் அளவு) எடுக்கும் மாணவிக்கு வகுப்பில் 15 மணி. ஒரு மணி வகுப்புக்கு வெளியே இரண்டு மணி என்ற வழக்கமான கணக்கில் இன்னும் 30. வளாகத்தில் 12 மணி நேர வேலையும் இருந்தால் மொத்தம் 68. இந்தப் பெண்ணிடம் இன்னொரு கட்டாய நிகழ்ச்சியைக் கேட்டால், வர நினைக்கிறவளுக்கும் வழியில்லை.

வருகைப் பதிவேட்டை ஆண்டுவாரியாகப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் அதிகம் காணாமல் போயிருப்பவர்கள் இரண்டாமாண்டு மாணவிகளாக இருப்பார்கள். காரணம் எளியது. புதிதாகச் சேரும் காலத்தில் வாராவாரம் ஒரு வகுப்பு, கூடவே ஒரு அக்கா, பெயரைச் சொல்லி விசாரிக்க நாலு பேர். உறுப்பினராக ஏற்கும் சடங்கு முடிந்த மறுநாளே அவை எல்லாம் நின்றுவிடுகின்றன. பதவியும் கிடையாது, பயிற்சியும் கிடையாது, சந்தா மட்டும் உண்டு. புதிதாகச் சேர்ந்து இப்போது தவறாமல் வருகிற அந்த 8 பேரும் ஜனவரியில் இதே இடத்துக்குத்தான் வரப்போகிறார்கள். என்னைக் கேட்டால், இந்தச் செமஸ்டரில் உங்கள் முதல் கவலை சீனியர்களைவிட இந்த எட்டுப் பேராக இருக்க வேண்டும்.

ஃபைன் என்ன செய்யும்

வராததற்கு விலை வைத்தால், அந்த விலையைக் கொடுத்துவிட்டு வராமலிருப்பது நியாயமாகிவிடும். இஸ்ரேலின் ஹைஃபாவில் குழந்தைகள் காப்பகங்களில் நடந்து 2000இல் வெளியான ஆய்வு இதற்குப் பேர்போனது. பிள்ளையைத் தாமதமாக அழைக்க வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்ததும் தாமதம் கூடியது. அபராதத்தை நீக்கிய பிறகும் குறையவில்லை. உங்களிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. வசதியுள்ள பெண்ணுக்கு 25 டாலர் ஒரு பொருட்டில்லை. பகுதிநேர வேலையில் இருப்பவளுக்கு நாலு தடவை வராவிட்டால் 100 டாலர் நிலுவை. நிலுவை ஏறினால் உறுப்பினர் தகுதி நிறுத்தப்படும். அவள் கூச்சத்தில் குரூப் சாட்டைவிட்டே போய்விடுவாள்.

ஃபைனை இருக்கிற இடத்திலேயே வையுங்கள், முன்கூட்டிச் சொல்லிவிட்டு வராதவர்களுக்கு அது வேண்டாம். கட்டாய நிகழ்ச்சிகளைச் செமஸ்டருக்கு நாலு அல்லது ஐந்தோடு நிறுத்தி, மற்றவற்றில் தெரிவு கொடுங்கள்: சேவையில் இரண்டு, படிப்பில் இரண்டு, சகோதரித்துவ நிகழ்ச்சியில் இரண்டு, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பதுபோல. உங்கள் சொராரிட்டியின் தேசிய அமைப்பு குறைந்தபட்சம் இத்தனை என்று விதி வைத்திருந்தால் அதை மீற முடியாது என்பதால், முதலில் அதைப் படித்துவிடுங்கள்.

புதியவர்கள் மேல் வேலையை ஏற்றுவது

இதைக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, செய்யாதீர்கள். நீங்கள் "ஈடுபாட்டை வளர்ப்பது" என்று எழுதியிருப்பதை உங்கள் பல்கலைக்கழகம் ஹேஸிங் என்று பார்க்கும் வாய்ப்பு அதிகம். நம் ஊரில் அதன் பெயர் ராகிங். 1996இல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகு தமிழ்நாட்டில் 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது நினைவிருக்கும். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் தனிச் சட்டம் உண்டு. 2024 டிசம்பர் 23 அன்று தேசிய அளவிலான சட்டமும் கையெழுத்தானது. விதியை மீறியதாக முடிவான மாணவர் அமைப்புகளைப் பெயரோடு பல்கலைக்கழகம் பொதுவில் வெளியிட வேண்டும் என்று அது சொல்கிறது.

அந்தச் சட்டத்தின் விளக்கத்தில் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம், பாதிக்கப்படுபவர் சம்மதித்தாரா இல்லையா என்பது கணக்கில் வராது என்பது. "அவங்களே விரும்பித்தான் செஞ்சாங்க" என்ற பதில் உதவாது. உடல் அல்லது மன பாதிப்புக்கு வழி செய்கிற அபாயம் இருக்கிறதா என்றே சட்டம் கேட்கிறது. மேஜை துடைப்பது மட்டும் அந்த எல்லைக்குள் வருமா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். ஆனால் பல பல்கலைக்கழகங்களின், தேசிய அமைப்புகளின் விதிகள் சட்டத்தைவிடக் கடுமையானவை. புதியவருக்கு மட்டும் கொடுக்கப்படும் ஏவல் வேலைகளை அவை நேராகவே தடை செய்கின்றன. இரவு ஒரு மணிக்கு சீனியரை அழைத்துவர ஒரு புதிய பெண் கார் ஓட்டி, தூக்கக் கலக்கத்தில் விபத்தானால் நிலைமை வேறு. அப்போது விசாரணை உங்கள் பெயரில் வரும். இடைநீக்கம் ஆனால் வகுப்பில் பதிவு போய்விடும், எஃப்-1 அந்தஸ்துக்கும் அதுவே ஆபத்து.

பாதுகாப்பான முறை ஒரே வேலைப் பட்டியல். மேஜை போடும் வரிசையில் புதியவர் ஒருவர் இருந்தால் சீனியர் ஒருவரும் இருக்க வேண்டும், தலைவரும் ஒரு முறை துடைக்க வேண்டும். சேர்ந்து வேலை செய்யும்போதுதான் புதியவர்களுக்கு சீனியர்களோடு பழக்கம் வரும். நீங்கள் தேடுகிற ஈடுபாட்டுக்கு வழியும் அதுவே.

மதிப்பெண் பட்டியல்

1974ஆம் ஆண்டின் கல்வித் தனியுரிமைச் சட்டப்படி, மாணவியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் பல்கலைக்கழகம் மதிப்பெண்ணை உங்களுக்குத் தராது. அந்தச் சட்டம் பல்கலைக்கழகத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது, சாப்டரை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. என்றாலும் சம்மதம் கொடுத்து வந்த மதிப்பெண்ணைக் கூட்டத்தில் படித்தால், அடுத்த செமஸ்டர் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். படிப்புப் பொறுப்பாளரும் சாப்டரின் ஆலோசகரான அட்வைசரும் மட்டும் பார்க்கட்டும். குறைந்திருப்பவளைத் தனியாக அழைத்து, அவளுடைய கட்டாய நிகழ்ச்சிகளில் பாதிக்கு அந்தச் செமஸ்டரில் விலக்குக் கொடுங்கள். படிப்பில் திணறுகிறவளுக்கு சாப்டர் இளைப்பாறும் இடமாக இருந்தால் அவள் விலக மாட்டாள்.

ஜனவரிக்கு முன் அட்டவணை

வசந்தகாலச் செமஸ்டர் தேர்வு வாரத்தோடு சேர்த்து ஏறக்குறைய 16 வாரம். முதலில் பல்கலைக்கழகத்தின் தேதிகளைக் குறியுங்கள்: வகுப்பு மாற்றக் கடைசி நாள், மிட்டெர்ம் நடக்கும் வாரங்கள், மார்ச் விடுமுறை, இறுதித் தேர்வுக்கு முந்தைய வாரம், தேர்வு. இவற்றில் எதையும் வைக்காதீர்கள். அடுத்து தேசிய அமைப்பு கேட்கும் தேதிகள்: சேர்க்கை, புதியவர் பயிற்சி, நிறுவனர் நாள், அறிக்கை கெடு. மூன்றாவதாகப் பண்டிகைகள். ரம்ஜான் மாதம் இப்போது வசந்தகாலச் செமஸ்டருக்குள் வருகிறது. அந்த நாட்களில் சாப்பாடு உள்ள நிகழ்ச்சியைச் சூரியன் மறைந்த பிறகு வையுங்கள். ஹோலியும் ஏப்ரல் நடுவில் வரும் தமிழ், பஞ்சாபி, வங்காளிப் புத்தாண்டுகளும் உங்கள் உறுப்பினர்களிடம் ஒரே எடை கொண்டவை. ஒன்றுக்கு மட்டும் விழா என்றால் மற்றவர்கள் மெல்ல ஒதுங்குவார்கள்.

நான்காவது அடுக்கைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முதல் வாரத்தில் எல்லோரிடமும் பாடத்திட்டத் தாள் இருக்கும். கூகுள் ஃபார்மில் நாலே கேள்வி கேளுங்கள்: உங்கள் பெரிய தேர்வுகள் எந்த மூன்று தேதிகள், வேலை எந்த மாலைகளில், இந்தச் செமஸ்டரில் ஊரில் இருப்பீர்களா, எந்த வேலையைச் செய்ய ஆசை. பதில்களை ஒரு தாளில் குவித்தால் நாலு வாரங்கள் சிவப்பாகத் தெரியும். அந்த வாரங்களில் கூட்டமே வேண்டாம். மிச்சம் எட்டு, ஒன்பது வாரம்தான் இருக்கும். அதற்குள் அடங்குவதை மட்டும் திட்டமிடுங்கள்.

அட்டவணையின் முதல் வடிவம் முதல் வகுப்புக்கு முன்பே கையில் கிடைக்க வேண்டும், ஃபார்ம் பதில்கள் வந்ததும் அதைத் திருத்திக்கொள்ளலாம். மூன்று வாரம் முன்பு தெரிந்த தேதிக்கு வேலை இடத்தில் ஷிஃப்ட் மாற்றிக்கொள்வார்கள். செவ்வாய் இரவு குரூப் சாட்டில் வந்த புதன் நிகழ்ச்சிக்கு வர மாட்டார்கள், அதில் அவர்கள் தவறும் இல்லை.

கூட்டத்தையும் சுருக்குங்கள். பொறுப்பாளர் அறிக்கைகள் சனி மாலைக்குள் எழுத்தில் வந்துவிட வேண்டும். ஞாயிறு 60 நிமிடம், முடிவெடுக்க வேண்டியவை மட்டும், ஓட்டு முதல் 20 நிமிடத்துக்குள். 8 மணிக்கு முடியும் என்றால் 8 மணிக்கு முடியட்டும்.

கோரம் பற்றி ஒரு திருத்தம். கோரம் எண்ணிக்கையை பைலா சொல்லாவிட்டால் கூட்டம் நடத்தும் முறைக்கு அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றும் ராபர்ட்ஸ் விதிமுறைப்படி மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல், அதாவது 38க்கு 20. வெளியூரில் இருக்கும் அந்த ஆறு பேருக்கு முறையான விடுப்பு கொடுத்து, விடுப்பில் இருப்பவர் கணக்கில் சேரமாட்டார் என்று பைலா அனுமதித்தால், 32க்கு 17 போதும். உங்கள் நவம்பர் கூட்டம் செல்லுபடியாகியிருக்கும்! பைலாவில் அந்த விதி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் முதல் திருத்தமாக அதையே கொண்டுவாருங்கள். கோரம் இல்லாதபோது வாட்ஸ்அப்பில் ஓட்டெடுத்துச் சமாளிக்காதீர்கள். பைலா வெளிப்படையாக அனுமதிக்காத மின்னணு ஓட்டு செல்லாது.

எல்லோருக்கும் ஒரு சின்ன வேலை

ஆறு பேர் நிர்வாகக் குழுவில் எல்லாவற்றையும் சுமக்க, 32 பேர் பார்வையாளர்களாக இருப்பதுதான் உங்கள் சாப்டரின் அமைப்புக் கோளாறு. வேலையைத் துண்டாக்குங்கள். ஹோலி நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்ளலாம். "ஹோலி கமிட்டி, யாராவது வாங்க" என்றால் அதே ஆறு பேர்தான் வருவார்கள். இப்படிப் பிரித்தால் வேறு கதை: புல்வெளியை ஆறு வாரம் முன்பு பதிவு செய்வது ஒருவர். 150 பேருக்கு ஆளுக்கு 100 கிராம் பாக்கெட் இரண்டு என்று 30 கிலோ சோளமாவுப் பொடி வாங்குவது ஒருவர். தண்ணீர்க் குழாய் இருக்கும் இடத்தை நேரில் போய்ப் பார்ப்பது ஒருவர். ஆஸ்துமா உள்ளவர்களுக்கான எச்சரிக்கைப் பலகை எழுதுவது ஒருவர். நுழைவு மேஜையில் 2 முதல் 3:30 வரை இருவர், 3:30 முதல் 5 வரை இருவர். பொடி நிறைந்த காற்றில் தீப்பற்றும் என்பதால் பார்பெக்யூ அடுப்பும் சிகரெட்டும் அருகில் வராமல் பார்ப்பது ஒருவர். நன்றிக் கடிதம் எழுதுவது ஒருவர். எதுவும் மொத்தத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு கெடு. பொதுவில் கேட்காமல், பெயர் சொல்லி நேரில் கேளுங்கள். முதலில் அந்த எட்டுப் பேருக்கும் இரண்டாமாண்டு பத்துப் பேருக்கும் கொடுங்கள். அவர்கள் செய்ததை அவர்கள் வழியிலேயே செய்ய விடுங்கள். பலகையின் எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தால் போகட்டும்.

அதோடு, ஊரில் இருக்கும் உறுப்பினர்களை நிர்வாகக் குழுவின் ஆறு பேரும் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஐந்து பேர் அளவில் வரும். முதல் மூன்று வாரத்துக்குள் ஒவ்வொருவரோடும் கால் மணி நேரம் பேசுங்கள். "ஏன் வரலை?" என்று தொடங்க வேண்டாம். இந்தச் செமஸ்டர் எப்படிப் போகிறது, சாப்டரில் எது பிடித்தது, எதை நிறுத்தலாம் என்று கேட்டால் போதும். யாராவது மனம் உடைந்து பேசினால் நீங்களே தாங்க முயலாமல் பல்கலைக்கழக ஆலோசனை மையத்துக்குக் கூட்டிப்போங்கள். நெருக்கடி என்றால் 988 என்ற மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

சீனியர்கள்

பதினொரு பேரையும் பழையபடி உட்காரவைக்கும் முயற்சியைக் கைவிடுங்கள். அவர்கள் மனம் வேலைத் தேடலில் இருக்கிறது. கட்டாயத்தை மூன்றாகக் குறையுங்கள்: புதியவர் ஏற்பு, ஒரு முக்கிய ஓட்டு, ஏப்ரல் பிரிவு விழா. அதற்குப் பதிலாக, ஆளுக்கு ஒன்று அவர்களிடமிருந்து வாங்குங்கள்: பயோடேட்டா திருத்தும் ஒரு மாலை, மாதிரி நேர்காணல், பயிற்சி இடங்கள் பற்றிய ஒரு பேச்சு. பட்டம் வாங்கும் முன் பல்கலைக்கழக முகவரி இல்லாத சொந்த மின்னஞ்சலும் போகும் ஊரும் எழுதி வாங்குங்கள். சொராரிட்டி உறவு பட்டத்தோடு முடிவதில்லை. சென்னையில் பிறந்த தாயின் மகளும் அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபருமான கமலா ஹாரிஸ், ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் மாணவியாக 1986இல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற சொராரிட்டியில் சேர்ந்தார். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அவர் தேர்தலில் நின்றபோதும் அந்தச் சகோதரிகள் கூடவே நின்றார்கள்.

கைமாற்றத்தைப் பற்றியும் சுருக்கமாக. பழைய தலைவர் ஊரைவிட்டுப் போகும் முன் மூன்றை முடியுங்கள்: வங்கிக் கணக்கில் கையெழுத்து மாற்றம் (கூட்டக் குறிப்பின் நகல் கேட்பார்கள்), பல்கலைக்கழகப் பதிவில் பெயர் மாற்றம், இன்ஸ்டாகிராம், மின்னஞ்சல் கடவுச்சொற்கள். கடைசியில்தான் சிக்கல் வரும். சரிபார்ப்புக் குறியீடு பழைய தலைவரின் ஃபோனுக்கே போய்க்கொண்டிருக்கும்.

உங்கள் விசா, உங்கள் நேரம்

அந்த 300 டாலரை இப்போதைக்கு வாங்காதீர்கள். சம்பளமில்லாத பொறுப்பு வகிப்பதில் தடையில்லை. பணமோ பணத்துக்கு ஈடான சலுகையோ வந்தால், அது அனுமதியில்லாத வேலையாகக் கருதப்படலாம். சந்தாத் தள்ளுபடி, வாடகைக் கழிவு இரண்டும் இதே கேள்விக்குள் வரும். பல்கலைக்கழக வெளிநாட்டு மாணவர் அலுவலக அதிகாரியிடம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வந்த பிறகு முடிவு செய்யுங்கள். சாப்டர் வேலை முட்டுகிறது என்று ஒரு பாடத்தைக் கைவிடும் எண்ணம் வந்தாலும் முதலில் அதே அதிகாரியிடம் போங்கள். இளங்கலை எஃப்-1 மாணவி முன் அனுமதியின்றி 12 கிரெடிட்டுக்குக் கீழே போகக்கூடாது.

விலகலாமா என்ற கேள்விக்கு என் கருத்து: இப்போது வேண்டாம், ஆனால் ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாலு வாரம் சாப்டருக்குச் செலவழித்த மணியைக் குறித்து வையுங்கள். வாரம் 10 மணியைத் தாண்டினால் எதையெல்லாம் துணைத் தலைவரிடம் கொடுப்பது என்று அட்வைசரோடு உட்கார்ந்து பேசுங்கள். கொடுத்த பிறகும் குறையாமல், உங்கள் மதிப்பெண் சரிந்தால், மிட்டெர்ம் முடிந்ததும் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுச் சாதாரண உறுப்பினராக இருங்கள். அதில் எந்த அவமானமும் இல்லை. அம்மாவிடம் "பாத்துக்கறேன்மா" என்று மட்டும் சொன்னால் அவருக்குத் தூக்கம் வராது. உங்கள் தேர்வுத் தேதிகளும் இந்த 10 மணி எல்லையும் உள்ள அட்டவணையை அவருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.